கை தூக்கினேன் மிஸ்

பதினோராம் வகுப்பு ஆங்கில டீச்சருக்கு 'ஸ்கேல் மிஸ்' என்று பெயர் வைத்தது எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நடையும் பேச்சும் அப்படி, கோடு போட்ட மாதிரி. பள்ளி திறந்த முதல் நாள் அவர் பாடம் நடத்த மாட்டார், சட்டம்தான் நடத்துவார். இரண்டு பக்கமும் அச்சடித்த தாள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்.

தாமதமாக வரும் கட்டுரைக்குப் பூஜ்யம். கை தூக்க வேண்டும், அவர் கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். மீறினால் திட்டு விழும். போன்கள் எல்லாம் வாசலருகே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். மணி அடிக்கும்வரை வானமே இடிந்து விழுந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்தப் பருவத்து வகுப்பு மதிப்பெண் மொத்தமும் போச்சு. "எனக்கும் இதே சட்டம்தான்" என்று சொல்லித் தன் போனை முதல் ஆளாக உள்ளே போடுவார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த வருடம் அவருக்கு வந்து வாய்த்தவள் வக்கீல். அது பிள்ளைகள் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் "அப்போ அது மட்டும் எப்படி?" என்று கேட்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவளுடைய அப்பா கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தார். கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவர் குரல் வீட்டுக்கு வரும். அவருக்கென்று தனியாக ஒரு ட்யூன் வைத்திருந்தாள். வகுப்புக்கே அது மனப்பாடம்.

ஒரு நாள் ஆங்கில வகுப்பில் டப்பாவுக்குள் அந்த ட்யூன் அடித்தது.

வக்கீல் எழுந்து ஓடினாள். ஸ்கேல் மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"மிஸ், எங்கப்பா மிஸ். கப்பல் கிளம்பிடும். ஒரே நிமிஷம் பேசிட்டு வந்துடறேன்."

"மணி அடிச்சதும் எடுத்துக்கோ."

"அதுக்குள்ள சிக்னல் போயிடும் மிஸ்!"

"தாள்ல உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல? படிச்சுட்டுத்தானே போட்டாங்க?"

ட்யூன் முழுசாக அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. மணி அடித்த பிறகு கூப்பிட்டுப் பார்த்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சாயங்காலம் அந்தப் புண்ணில் அம்மா இன்னும் கொஞ்சம் உப்பைத் தடவினாள். "உன்கூடப் பேசணும்னுதான் முதல்ல உனக்குப் போட்டிருக்கார். நீ எடுக்கலன்னு எனக்குப் போட்டார். அதுவும் பாதியிலேயே கட்டாயிடுச்சு." அதற்குப் பிறகு கப்பலிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் வக்கீல் வகுப்பு நடுவில் கத்தினாள். "நீங்க டீச்சரா, ஜெயிலரா?" ஸ்கேல் மிஸ் குரலை உயர்த்தவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முதல் பெஞ்சில், வாசலோரம், டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். "என் கண்ணெதிர்லயே இரு." இனி எந்த ட்யூனும் பாடத்தைக் கெடுக்கக் கூடாது என்று எல்லா போன்களின் சத்தத்தையும் அணைக்க வைத்தார். அதிர்வுகூடக் கேட்காமல் இருக்க டப்பாவுக்குள் ஒரு துண்டையும் மடித்துப் போட்டார். அப்படி ஒரு முன்யோசனை!

வக்கீல் சும்மா இருப்பாளா? சட்டத்தை மீறினால்தானே தண்டனை? மீறாமலே உயிரை எடுக்க ஆரம்பித்தாள். "மிஸ், பேனாவைத் திறக்கலாமா?" "மிஸ், பக்கத்தைத் திருப்பலாமா?" "மிஸ், தும்மல் வருது, தும்மலாமா?" கேட்பதற்கு முன்னால் ஒழுங்காகக் கை தூக்குவாள், கூப்பிடும்வரை காத்திருப்பாள். இரண்டே நாளில் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது. ஸ்கேல் மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரும் தன் பங்குக்குச் சொன்னார். "தூக்குறவங்க தூக்கிட்டே இருங்க. எனக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான் கூப்பிடுவேன்."

அதிலிருந்து தூக்கிய கைகளை அவர் காற்றாகத்தான் பார்த்தார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே அறையில் மாட்டிக்கொண்டால் பாடம் எங்கே நடக்கும்?

இதற்கு நடுவில் ஸ்கேல் மிஸ்ஸின் அப்பா மூளையில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நினைவு இல்லை, பேச்சு இல்லை. ஆபீஸ் கிளார்க் வாயிலாகப் பள்ளி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. லீவு போடச் சொன்ன தலைமை ஆசிரியரிடம், பரீட்சை சமயத்தில் லீவு எடுப்பது முறையில்லை என்று இவரே மறுத்துவிட்டாராம். வக்கீலும் கேள்விப்பட்டாள். அவளுக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தாள்.

அன்றைக்கு ஸ்கேல் மிஸ் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது டப்பாவுக்குள் வெளிச்சம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு அன்றைக்குக் கடைசியாகப் போட்டதால், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவருடைய போன். திரையில் 'அக்கா' என்று வந்து அணைந்தது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. பிறகு ஒரு செய்தி வந்து நின்றது.

'அப்பா கண்ணு முழிச்சுட்டார். பேசறார். உன்னைத்தான் கேக்கறார். போனை எடுடி.'

வக்கீல் அதை இரண்டு முறை படித்தாள். கை தூக்கினாள்.

ஸ்கேல் மிஸ் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார். எத்தனையோ பேனா மூடிக்கும் தும்மலுக்கும் எழும்பிய அதே கை. மறுபடி போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த தூங்குமூஞ்சிக்காரி அன்றைக்கென்று முழித்திருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் இடித்தாள். "சொல்லித் தொலைடி!"

"அவங்க கூப்பிடலையே."

வகுப்பிலேயே அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தவள் வக்கீல்தான். போனைத் தொட்டால்தான் மதிப்பெண் போகும். கூப்பிடாமல் பேசினால் திட்டு, அவ்வளவுதான். வாங்காத திட்டா? ஆனாலும் வாய் திறக்கவில்லை. கை மட்டும் நேராக நின்றது. நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம், நான் கை தூக்கினேன் என்று. அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. எங்கப்பா போன் அடிச்சப்போ நீ குறுக்க நின்னியே, இப்ப நில்லு.

'அக்கா' வந்து வந்து அணைந்தது. தோள் வலித்தது. கையை மாற்றித் தூக்கிக்கொண்டாள். அப்புறம் இன்னொரு செய்தி வந்தது.

'மறுபடி மயங்கிட்டார். டாக்டர் உள்ள ஓடறார்.'

இனிப்பு அங்கேயே செத்தது. "மிஸ்! உங்க போன்!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள்.

ஸ்கேல் மிஸ் மெதுவாகச் சாக்பீஸை வைத்தார். தன் சட்டத்தைத் தன்னையே உடைக்க வைக்கப் பார்க்கிறாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. "என்னை எடுக்க வெச்சு வேடிக்கை பாக்கணுமா? மணி அடிக்கட்டும்."

"உங்கப்பா மிஸ்!"

அப்போதுதான் அவர் ஓடி வந்தார். தன் போனைத் துண்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களின் போன்கள் தரையில் சிதறின. எடுக்க ஒருத்தரும் குனியவில்லை.

வராந்தாவில் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது துண்டு இன்னும் கையில் இருந்தது.

"எப்பலேர்ந்து அடிச்சுது?"

வக்கீல் நின்றுகொண்டிருந்தாள். "நான் கை தூக்கினேன் மிஸ்."

"பாத்தேன்." அவர் துண்டை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. "கூப்பிடாம பேசினா என்ன ஆகும்னு தாள்ல போட்டிருக்கு?"

"திட்டு விழும் மிஸ்."

"அவ்வளவுதானே?"

அவள் தரையில் சிதறிக் கிடந்த போன்களைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டா, எங்க போயிட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். இனிமே பேசுவாரான்னு சொல்ல முடியாதாம்." யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு கைப்பையை எடுத்தார். "உன் மேல தப்பு இல்ல. சட்டப்படிதான் நடந்துக்கிட்ட."

அவர் திட்டியிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் போய்விட்டார். மணி அடித்தது, எல்லோரும் தரையில் கிடந்த போன்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

வக்கீல் தன் போனை எடுக்கவில்லை. யாராவது வந்து தன்னைத் திட்ட வேண்டும் என்பதுபோல அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.