குறட்டை நிற்கும் நேரம்

அவளுடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அடுத்த முறையும் குறையாவிட்டால் கூண்டை மறந்துவிட்டுக் கிடங்கில் உட்கார்ந்து சீட்டு எழுத வேண்டியதுதான் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷனைத் தரையில் உட்கார வைப்பதும் ஜெயிலில் போடுவதும் ஒன்றுதான்.

சர்க்கரையோ இறங்குவேனா என்றது.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. அவருக்காகத் தன் டீயிலும் சர்க்கரையை நிறுத்தியிருந்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, அது தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே நின்றாள். அப்படியும் ஏறுகிறது என்றால், வெளியே எங்கோ வாய் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? சட்டைப் பையை மோந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவின் மூடி இடுக்கைக்கூட விடவில்லை. ஒன்றும் சிக்காததால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. கேன்டீன்ல என்ன தின்னீங்க?"

"அந்தப் பூசணிக்காயாவது கிடைச்சிருந்தா தின்னிருப்பேன். என்னை நம்பவே மாட்டியா?"

அவள் நம்பவில்லை. டாக்டரிடமே பஞ்சாயத்து வைக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவளைவிட வயதில் சின்னவள். குற்றச்சாட்டு முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். குற்றவாளியோ நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

"பாருங்க டாக்டர், அவரைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே தூங்குறாரு."

"ராத்திரி எப்படித் தூங்குவாரு?"

"அதுக்கென்ன, சாட்சாத் கும்பகர்ணன். குறட்டையில கதவே ஆடும்."

"குறட்டை நடுவுல நிக்குமா?"

"நிக்கும். அந்த நேரத்துலதான் நான் கொஞ்சம் கண்ணசருவேன். அப்புறம் திணறின மாதிரி ஒரு சத்தம் போட்டு மறுபடி ஆரம்பிச்சிடுவாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"குறட்டை நிக்கும்போது அவருக்கு மூச்சே நின்னுடுதோன்னு சந்தேகமா இருக்கும்மா. அப்படி மூச்சு நிக்குறப்ப எல்லாம் உடம்பு பதறும். அந்தப் பதற்றத்துல சர்க்கரையும் ஏறும். சாப்பாட்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. தூக்கத்தைப் பரிசோதிச்சுப் பாத்துடலாம். மூச்சுதான் காரணம்னா, மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்குற மெஷின் இருக்கு. பகல்லயே இப்படித் தூங்குறாரே, இது சரியாகுற வரைக்கும் கிரேன் ஓட்ட வேண்டாம்."

குறட்டை நிற்கும் அந்த அமைதிக்காக அவள் எத்தனை ராத்திரி ஏங்கிக் கிடந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு மனுஷன் மூச்சில்லாமல் கிடக்க, அப்பாடா என்று திரும்பிப் படுத்திருக்கிறாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் கிரேனைப் பற்றித்தான் பேசினார்.

"சொன்ன மாதிரியே கிடங்குக்குத் தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளட்டும். நிஜத்தைச் சொல்லுங்க. மேல உக்காந்திருக்கும்போது எப்பவாவது கண்ணு சொக்கிச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு தடவை. பெட்டி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கீழே நல்லவேளை யாரும் இல்ல."

"இதைத்தான் மறைச்சீங்களா?"

"சொன்னா இறக்கிடுவாங்களே."

ஆறு மாதமாக அவள் மிட்டாயைத் தேடியிருக்கிறாள். "நான் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அவர் தலையாட்டினார். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

குறட்டை கிளம்பியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் கணவரின் விலாவில் ஒரு இடி இடித்திருப்பாள். இன்று அந்தச் சத்தம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

திடீரென்று அது நின்றது. முன் சீட்டுக்காரர் தோளைத் தளர்த்திக்கொண்டார்.

அவள் கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "மூச்சு விடுங்க" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.