மூணாவது கல்

இந்தக் காட்டுக்கிழங்கை மூணு தண்ணி மாத்தி வேகவைக்கணும். ரெண்டு தண்ணியோட இறக்கினா விஷம். எங்க மாமனார் ஒருதரம் அவசரப்பட்டு அப்படித் தின்னுட்டு, நாக்கு மரத்து, தொண்டை அடைச்சு, அவர் பிழைச்சதே பெரும்பாடு. அதுலேருந்து எங்க வீட்டுல ஒரு வழக்கம். தண்ணி மாத்தினவங்க மூடி மேல ஒரு கூழாங்கல்லை வைக்கணும். நானும் நாத்தனாரும் மாறி மாறித்தான் அடுப்பைப் பார்ப்போம். கேட்டுக்கவே வேண்டாம், கல்லை எண்ணினா போதும்.

இன்னைக்குத்தான் முதல் தடவையா பட்டணத்துலேருந்து பன்னெண்டு பேர் கிராமத்துச் சாப்பாடு சாப்பிட வந்திருந்தாங்க. கூட்டிட்டு வந்த டூர்க்காரன் காலையிலேருந்து அடுப்படியில ஒரே அட்டகாசம். "அக்கா, அந்த பிளாஸ்டிக் குடத்தை மறைங்க. அக்கா, கொஞ்சம் சிரிங்க." சிரிக்கணுமாம்! புகையில கண்ணு எரியுது எனக்கு. என் சின்னவளுக்கு நாலு வயசு. அவளுக்குப் பூப்போட்ட கவுனை மாட்டி, விருந்தாளிங்களோட கூடத்துல உட்காரவச்சுட்டான்.

ரெண்டாவது கல்லை வச்சுட்டு நான் கொல்லைப்பக்கம் தட்டு கழுவப் போனேன். திரும்பி வந்தா பானை காலி.

"மூணு கல் இருந்துச்சு அண்ணி, பரிமாறிட்டேன்"னா நாத்தனார்.

"மூணாவது நீ வைக்கலையா?"

"இல்லையே... நீங்கன்னுல்ல நினைச்சேன்!"

வாசப்படியில நின்ன டூர்க்காரன் பல்லைக் காட்டினான். "நான்தான்க்கா வச்சேன், போட்டோவுக்கு. மூணு கல் கதைன்னு விளம்பரம் போட்டுட்டு ரெண்டு கல்லைக் காட்டினா நல்லாவா இருக்கும்?"

"அடப்பாவி! குடியைக் கெடுத்தியேடா!"

கூடத்துக்கு ஓடினேன். "யாரும் சாப்பிடாதீங்க! கிழங்கு விஷம்!"

ஒருத்தர் கை தட்டினார். ஒரு அம்மா போனைத் தூக்கி என்னைப் படம் பிடிச்சாங்க. இதுவும் டூர்க்காரன் ஏற்பாடு பண்ண நாடகம்னு நினைச்சுட்டாங்க போல. ஒவ்வொரு தட்டா பிடுங்கினேன். எல்லாத்துலயும் கிழங்கு வச்சது வச்சபடி இருந்துச்சு. அப்பாடான்னு சுவத்துல சாஞ்சேன்.

"நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க"ன்னார் கை தட்டினவர். "வீட்டுக் குழந்தை முதல்ல சாப்பிட்டுக் காட்டும், அப்புறம்தான் நாமன்னு உங்க ஆள் சொன்னாரு."

திரும்பிப் பார்த்தேன். மூலையில சின்னவ உட்கார்ந்திருந்தா. அவ தட்டுல ஒண்ணுமில்லை. என்னைப் பார்த்து அம்மான்னு கூப்பிட வாயைத் திறந்தா.

சத்தம் வரலை.