வதந்திகளுக்கான எண்

எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பொறுப்பேற்ற பிறகு மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் ஒருவருக்குக்கூட வந்ததில்லை. அதற்காகக் கொடுத்த கேடயத்தை, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்திருக்கிறார். தேடினால்தானே கிடைக்கும்!

அன்று தையல்காரர் ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு என் குழந்தைகள் வார்டுக்கு ஓடிவந்தார். தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பாலாடை போலப் படிந்திருந்தது. தொண்டை அடைப்பானேதான். கழுத்து வீங்கி, மூச்சை இழுக்கும்போதெல்லாம் கர்ரென்று சத்தம். ஆன்டிபயாடிக் ஏற்றினேன். ஆனால் அந்தக் கிருமியின் நஞ்சை முறிக்கும் மருந்து தலைநகரத்துக் கிடங்கில்தான் இருக்கிறது. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட அறிக்கை அங்குள்ள நோய்க் கண்காணிப்பு மையத்துக்குப் போனால்தான் அனுப்புவார்கள். அவர் அறைக்கு ஓடினேன்.

"டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா," என்றார் அவர்.

"அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா சார்."

"சாதாரணத் தொண்டைப்புண்ணா இருந்தா? மேலிடத்துல என் மானம் கப்பலேறிடும்."

"கப்பலேறின மானம் திரும்பி வரும் சார். அவ போனா வர மாட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய்க் கண்காணிப்பு மையத்துக்கு இன்னொரு வாசல் உண்டு. ஊரில் அடிபடும் நோய் வதந்திகளைப் பொதுமக்கள் சொல்வதற்கென்றே ஒரு தொலைபேசி எண். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். வருகிற வதந்தியை மையம் உடனே விசாரித்தாக வேண்டும். டாக்டர்கள் யாரும் அதில் பேசுவதில்லை, கௌரவக் குறைச்சலாம். நான் வார்டுக்குத் திரும்பி, அந்த எண்ணை அழைத்தேன். பெரிய டாக்டர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"வதந்தி பரப்புறியா? தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

"அங்கயும் பிள்ளைங்க இருக்கும்ல சார்? அங்கேர்ந்தும் போன் பண்ணுவேன்."

நான் நோயைச் சொன்னதும், மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நான் டாக்டர். என் கண்ணால பார்த்தேன்."

"டாக்டருங்களுக்குத் தனி வழி இருக்கே மேடம்?"

"அந்த வழியை மறிச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார். கொஞ்சம் லைன்ல இருங்கம்மா."

போனைக் குழந்தையின் வாயருகே வைத்தேன். கர்ர்... கர்ர்... தையல்காரர் மகளின் காலைப் பிடித்தபடி நின்றார்.

போனை எடுத்தேன். "கேட்டீங்களா? இதுதான் வதந்தி. எழுதிக்கோங்க."



"எந்த ஆஸ்பத்திரி மேடம்? மருந்தை இப்பவே அனுப்பச் சொல்றேன். உங்க பேரையும் சொல்லணும், பரவாயில்லையா?"

பெரிய டாக்டரைப் பார்த்துக்கொண்டே, வார்டு முழுக்கக் கேட்கும்படி, என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.