முயல் மருந்து காட்டிய கோடு

கோடு விழக் கூடாத இடத்தில் விழுந்திருந்தது. அம்சவல்லி ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோதனையை மறுபடி செய்தாள். மறுபடியும் விழுந்தது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவள் ஆராய்ந்தது, மனித செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமட்டினில் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும். பிடித்தால் ஃபிலிமில் கறுப்பாகக் கோடு விழும். உடம்பில் நஞ்சு ஏறினால் அந்தப் புரதம் கூடும், கோடு தடிக்கும். இன்று அவள் சோதித்தது, அந்தப் புரதத்துக்கான ஜீனையே நீக்கிய செல்களை. அதிலும் கோடு விழுகிறதென்றால், ஆன்டிபாடி இத்தனை காலமும் வேறெதையோ பிடித்திருக்கிறது.

அந்தக் கோட்டை நம்பித்தான் அவளுடைய ஊர் கோர்ட்டுக்குப் போயிருந்தது. கூத்தாநல்லூருக்குத் தெற்கே அவர்கள் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கம்பெனி கிணறு தோண்டியிருந்தது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. கிணறு மட்டும் அசையவில்லை. அவளுடைய அப்பா ஐயாவுதான் போராட்டக் குழுத் தலைவர். பண்ணையாளாக இருந்து, சண்டை போட்டுப் பட்டா வாங்கிய மனிதர். கிணற்றருகே இருப்பவர்கள் ரத்தத்தில் கோடு தடிப்பாக இருக்கிறது என்ற அம்சவல்லியின் முடிவைத்தான் வக்கீல் கோர்ட்டில் முன்வைத்திருந்தார்.

வழிகாட்டிப் பேராசிரியை விஜயம் ஃபிலிமை வெகுநேரம் பார்த்தார். முதலிலேயே இந்தச் சோதனையைச் செய்யாதது தன் தப்பு என்றார். பிறகு மெல்ல, "கேஸ் முடியட்டும், அம்சா. இப்ப சொன்னா கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம்" என்றார். அவள் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ஐயாவு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப எங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்லேங்கிறியா?"

"இருக்கா இல்லையான்னு இந்த முயல் மருந்தால சொல்ல முடியாதுப்பா."

"நீ சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?"

"அவங்க ஆளு ஒருத்தன் சோதிச்சாப் போதும். அப்புறம் நம்ம தண்ணியில எண்ணெ மெதக்குறதையும் பொய்யின்னுடுவான்."

அவர் மறுபடி வரப்பில் குனிந்தார். ஆனால் மறுநாள் குழுவை அவரே கூட்டினார். அவள் எழுந்து சொன்னாள். முதல் ஆளாக ரத்தம் கொடுத்த ராசம்மாள், கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எங்க ரெத்தத்த எடுத்து நீ பட்டம் வாங்கப் போற. இப்ப எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே பாதிப் பேர் போனார்கள்.

அம்சவல்லியின் முடிவு இருந்த அறிக்கையை வக்கீல் கோர்ட்டிலிருந்து திரும்பப் பெற்றார். எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொண்டு சிரித்தது. தண்ணீரில் மிதந்த எண்ணெயை மட்டும் வைத்து வழக்கு நொண்டிக்கொண்டு நடந்தது. அந்த ஆன்டிபாடியை வைத்து வெளியிட்டிருந்த தம் ஆய்வுக் கட்டுரையை விஜயம் திரும்பப் பெற்றார். அதன்பின் அவளிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்.

தையில் வேறொரு ஆன்டிபாடி வந்தது. ஜீன் இல்லாத செல்லில் இது கோடு போடவில்லை. அம்சவல்லி ஊசியும் குழாய்களும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வீடு வீடாக மறுபடி ரத்தம் கேட்டாள். ராசம்மாள் வீட்டில், அவள் அறுவடைக்குப் போயிருப்பதாக உள்ளிருந்தபடியே யாரோ சொன்னார்கள். குழந்தை அழும் சத்தமும், அதைத் தேற்றும் ராசம்மாளின் குரலும் கேட்டன. அம்சவல்லி வாசலில் சற்று நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.