பென்சிலில் எழுதிய பெயர்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கைநடுக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எப்படியோ சமாளித்து வரைந்துவிடுவார். அதைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தேய்த்து, பிரஸ்ஸில் உருட்டி எடுப்பது நான். கடைசியில் ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் அவரால் ஆகவில்லை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கோணிக்கொண்டு வந்தது. "நீயே போட்டுடேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். போட்டேன். இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம், அவர் படங்களை விற்றுத்தரும் காலரிக்காரம்மா பெண் கலைஞர்களின் அச்சுப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என் பெயரில் ஒரு படம்! பிரஸ் சக்கரத்தைச் சுற்றும் என் இரண்டு கைகளையே கீறினேன். புடைத்த நரம்பு, நகக்கண்ணில் போகாத மை, எல்லாம் வந்தது. பத்தே பிரதி. பத்தும் எடுத்த கையோடு, தொழில் முறைப்படி தகட்டின் குறுக்கே கூர் ஊசியால் கோடு கிழித்தேன். இனி பதினோராவது பிரதியை யாரும் எடுக்க முடியாது. அப்போது எனக்கிருந்த கெத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது, சின்ன நாத்தனார் முகம் எப்படிப் போகும் என்று மனம் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது தாள் முடிந்த பிறகுதான் பார்த்தேன். ஒன்பதிலும் அவர் பெயர்! பழகின கை, அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரப்பரால் மெல்ல அழித்து, அந்த இடத்திலேயே என் பெயரை எழுதினேன். பருத்தித் தாள் மெத்தென்று இருக்கும். பென்சில் அழுந்திய தடம் லேசில் போகாது. யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பார்த்தாள் அந்தக் காலரி மகராசி. வந்ததும் வராததுமாக ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"என்னம்மா இது? சார் பேரை அழிச்சிட்டு உங்க பேரை எழுதியிருக்கீங்க?"

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினோரு வருஷமாக விற்ற அத்தனை படமும் போலிக் கையெழுத்தாகிவிடும். வாங்கியவர்கள் வரிசைகட்டி வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"விடுங்க மேடம்," என்றார், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு. "அவளுக்கும் ஆசை இருக்காதா?"

அடப்பாவி மனுஷா!

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று அவள் உருகினாள். "பொண்டாட்டி கையை இவ்வளவு பாசமா யாரு வரைவாங்க?" பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது. "நீங்களே சொல்லுங்கம்மா. இது யாரோடது?"

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிக் கெஞ்சி ஒரு பார்வை பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் அவர் மட்டுமா மாட்டுவார்? போலிக் கையெழுத்துப் போட்டவள் நான்தானே. மகள் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தக் கையெழுத்தில்தானே ஓடுகிறது.

"அவரோடதுதான்," என்றேன்.

அவருடைய அடுத்த கண்காட்சிக்கு ஆகும் என்று பத்தையும் எடுத்துக்கொண்டாள். என் பெயரை அழிக்க ரப்பர் கேட்டாள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவள் வண்டி கிளம்பியதும் அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நீயும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்," என்றார். "ஒரு வெத்துத் தாள்ல நாலு தடவை உன் பேரை எழுதிப் பழகிட்டு உட்கார்ந்திருக்கலாம்ல?"

பாவி மனுஷன், அக்கறையாகத்தான் சொன்னார்.