ஆறு சில்லு எஞ்சின்

என் மனைவி சர்மிளாவின் எட்டு வருடங்களுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன விலை பன்னிரண்டாயிரம் டொலர். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுக் கராஜில் அத்தனை வருடமும் செம்பும் பித்தளையுமாகச் சிதறிக் கிடந்தது, இப்போது நீராவி எஞ்சினாக எழுந்து நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் எண்ணூறுக்கு மேல் கட்டிய வகை. கழுதைக்குப் பொதி ஏற்றியது போலக் கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்ப் பெட்டி. இது அதன் குட்டி. உயரம் என் முழங்கால், பாரம் என்னளவு. டோர்வல் விமான நிலையத்தில் விமானம் திருத்துகிறவளுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

"கூரை ஒழுகுது. நல்ல விலை வந்தாக் குடுங்கோ," என்றாள், என் முகத்தைப் பாராமல். "ஆனா முதல் ஓட்டம் கோயிலிலை."

முருகன் கோயில் கார் தரிப்பிடத்தில் தண்டவாளம் போட்டோம். பிரெஞ்சுக்காரரும் வந்திருந்தார். கார்ப் பூசைக்குப் பழகிய ஐயர், சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசிக்க நாலு தேசிக்காயோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆறு சில்லோ?"

"முருகனுக்கு ஆறு முகமெல்லோ ஐயா," என்றாள் சர்மிளா.

"வாய்க்குக் குறைச்சலில்லை," என்று இன்னும் இரண்டு எடுக்கப் போனார்.

முழுக்காய் வைத்தால் தடம் புரளும் என்று பிரெஞ்சுக்காரர் பதறினார். சர்மிளா காய்களைக் கடதாசி போல மெல்லிசாகச் சீவித் தண்டவாளத்தில் ஒட்டினாள். நீராவியைத் திறந்தாள். எல்லாம் நசிந்தன. பின்னால் கொழுவிய சிறு வண்டித் தட்டில் ஐயர் வேட்டியைச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். எஞ்சின் முடிவுவரை போய், திரும்பாமலே, அதே மிடுக்கில் பின்பக்கமாக வந்தது. என் நெஞ்சு விம்மியதைச் சட்டைப் பொத்தான்கள் தாங்கியது அதிசயம்.

எங்கள் கடைப் பரம்பரையில் விற்கமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. வாங்க வந்தவர் ஓடிவிடும் விலையைச் சொல்வோம்.

"நாற்பதாயிரம்," என்றேன் பிரெஞ்சுக்காரரிடம்.

அவர் ஓடவில்லை. சம்மதம் என்று கையை நீட்டினார்.

விலை சொன்னவன், நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டதாக எங்கள் வம்சத்தில் கதையே இல்லை. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏனப்பா, கை குடுக்கேல்லையோ?" சர்மிளா கேட்டாள்.

"கையெல்லாம் கரி."

"கரி என்ரை கையிலையெல்லோ!"

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துச் சில்லுகளுக்கு விடத் தொடங்கினாள், அவசரமே இல்லாமல்.

கணக்குப் பார்த்தேன். வரவு, ஓர் எஞ்சின். செலவு, ஒரு வாக்கு. பாக்கி, இன்னும் நீட்டியபடியே நின்ற அந்த மனிதரின் கை.