மாமி வீட்டு ஹார்டு டிஸ்க்

பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத் தண்ணீரில் வாழும் நுண்பாசிகளைப் பதினான்கு மாதம் நுண்ணோக்கி வழியே படமெடுத்தேன். ஆய்வுப் பட்டத்துக்கு என்னிடம் இருந்தது அது மட்டும்தான். பாறசாலையில் எங்கள் வீட்டு இணையத்தில் ஒரு வாரப் படங்களைக் கிளவுடில் ஏற்றவே மூன்று நாள் ஆனது. அதனால் பழைய கணினி ஒன்றை வீட்டு சர்வராக மாற்றினேன்.

உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஷைஜுவும் அதையே பயன்படுத்தினான்.

"ரெண்டு காப்பி ஆச்சுல்லா, பின்ன என்ன?"

"இடி விழுந்தா ரெண்டும் ஒண்ணா போவும்."

"ஒனக்க வாயில நல்லது வராதாக்கும்."

மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்கினேன். அது தனுவச்சபுரத்தில் விமலகுமாரி மாமியின் அலமாரியில் இருக்கும். சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து, பிரதி எடுத்து, மாலைப் பேருந்தில் திருப்பி வைப்பேன்.

"துணி சுத்தி கொண்டு வாறியே மக்கா," மாமி சிரிப்பாள். "இதுக்கு பாலு கொடுக்கணுமா?"

துலா மாதத்தில், ஐப்பசி மழையோடு, மதியத்துக்கு மேல் இடி வரும். முதல் முழக்கத்திலேயே வீட்டுப் பிளக்கெல்லாம் பிடுங்கிவிடுவோம். அந்த வியாழக்கிழமை நான் கல்லூரியில் இருந்தேன். சர்வரில் ஒரு கல்யாண வீடியோ தயாராகிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம்தானே என்று அண்ணன் பிளக்கை விட்டுவிட்டான்.

நான் வந்தபோது இடி இறங்கியிருந்தது, சர்வர் பெட்டியில் கருகல் நாற்றம். நெய்யாற்றின்கரையில் பழுது பார்ப்பவர் இரண்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எனக்குப் பதற்றமில்லை. அங்கிருந்தே மாமி வீட்டுக்குப் பேருந்து ஏறினேன்.

"ஷைஜு செவ்வாக்கிழமை வந்து எடுத்துட்டுப் போனானே," என்றாள் மாமி. "நீ கேட்டேன்னுல்லா சொன்னான்?"

வீட்டில் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொண்ணு வீட்டுக்காரங்க துபாய் போறதுக்கு முந்தி கேட்டாங்க. கையில வேற டிஸ்க் இல்ல. அழிச்சு, கல்யாணத்தை நிறைச்சுக் கொடுத்தேன். சர்வர்ல ரெண்டு உண்டேன்னு நினைச்சேன். புதுசு வாங்கித் தாறேன், கேட்டியா?"

எனக்குச் சத்தம் போடத் தெரியாது.

மறுநாள் ஆய்வு வழிகாட்டி சுந்தரதாஸ் சாரை அழைத்து, படங்கள் போனதைச் சொன்னேன். டிசம்பரில் அவர் மகள் கல்யாணம். வீடியோவுக்கு அண்ணனைப் பேசியிருந்தார். அண்ணன் கதவில் சாய்ந்து நின்று, என்னைப் பார்த்து, தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினான்.

"வேற எங்கயும் காப்பி வச்சிருக்கியா ரெஜிலா?"

"வைக்கல சார்."

"சயன்ஸ் படிச்ச பிள்ளையாக்கும் நீ! இதுகூட தெரியாதா? முதல்லேருந்து தொடங்கு. இல்லன்னா விட்டுரு."

போனை வைத்தேன். அண்ணன் மூச்சு விட்டான்.

"சாயா போடட்டா?" என்றான்.